ட்ரஸ் டெலஸ்கோப்: பூட்டும்போதும் காலிமேட் செய்யும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஒரு 16 அங்குல ட்ரஸ் டாப்சோனியனை (கம்பிச் சட்டகத்தில் நிற்கும், ஆடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) வாங்கி, முதல் இரவே வியாழனைப் பார்த்துவிட்டு, "கலங்கலாகத் தெரிகிறது, கண்ணாடியே சரியில்லை போல" என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கண்ணாடியில் குறை இருக்காது. மேலே இருக்கும் சிறிய செகண்டரி ஆடி ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறதா என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, அடியில் இருக்கும் பெரிய பிரைமரி ஆடியின் சாய்வை இரண்டே நிமிடத்தில் முடித்திருப்பார்கள். படத்தைக் கெடுப்பது பிரைமரியின் சாய்வுதான். ஆடிகளை இப்படிச் சரியான நிலைக்குக் கொண்டுவரும் வேலைதான் காலிமேஷன்.

முதலில் சட்டகம். ட்ரஸ் கம்பிகள் முக்கோணங்களாக நிற்பதால்தான் அவ்வளவு மெல்லிய அலுமினியக் குழாய்கள் இவ்வளவு கனத்தைத் தாங்குகின்றன. பாலோமர் மலையின் 200 அங்குல ஹேல் தொலைநோக்கிக்காக 1930களில் மார்க் செருரியர் வடிவமைத்த ட்ரஸ்தான் இதற்கு முன்னோடி. ஆனால் முக்கோணத்தின் ஒரு முனை தளர்ந்தாலும் அந்த உறுதி போய்விடும். ஒரு கம்பியை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் லேசாகப் பூட்டி, அப்புறம் சுற்றிவந்து ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கம்பிகளுக்கும் அவை உட்காரும் இடங்களுக்கும் எண் எழுதிவைத்தால், கழற்றி மாட்டும்போது காலிமேஷன் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வரும்.

பெரிய கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையும் பாருங்கள். அவை கண்ணாடி விழாமல் இருப்பதற்காக மட்டுமே. அதை அழுத்தக் கூடாது. ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி வேண்டும். இறுக்கிவிட்டால் ஆடி மிகச் சிறிதளவு வளையும், நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும். அதை எந்தக் காலிமேஷனாலும் சரிசெய்ய முடியாது.

செகண்டரியின் திருகுகளில் கைவைக்கும்போது குழாயை நிமிர்த்தி வைக்கவே வைக்காதீர்கள். கிடைமட்டத்துக்குத் தாழ்த்துங்கள். ஆலன் சாவியை நூலில் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். கை தவறினால் நேராகக் கீழே போய் விழுவது உங்கள் தொலைநோக்கியிலேயே விலை அதிகமான பொருளின் மேல்.

ஐபீஸ் பொருத்தும் குழாயான ஃபோகசருக்கு நேர் கீழே செகண்டரி வட்டமாகத் தெரிந்தால் போதும். கொஞ்சம் தள்ளியிருந்தால் பார்வைப் புலத்தின் ஓரம் ஒரு பக்கம் லேசாக மங்கும், அவ்வளவுதான். கண்ணால் பார்க்கும்போது அது தெரியவே தெரியாது. இங்கே பலரைக் குழப்புவது வேறொன்று: எஃப்/5க்குக் கீழே உள்ள தொலைநோக்கிகளில் (எஃப் எண் என்பது குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது), பிரைமரியில் பிரதிபலிக்கும் செகண்டரியின் கரிய உருவம் நடுவில் இருக்காது; பிரைமரி இருக்கும் பக்கமாகத் தள்ளித் தெரியும். அதுதான் சரியான நிலை. எல்லா வட்டங்களையும் ஒரே மையத்துக்குக் கொண்டுவர முயன்றால், சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவீர்கள்.

செகண்டரியின் சாய்வைத் திருத்தி, ஃபோகசரின் அச்சு பிரைமரியின் நடுவில் ஒட்டியிருக்கும் வளையத்தில் போய் விழும்படி செய்யுங்கள். அந்த வளையம் படத்தைப் பாதிக்குமோ என்ற கவலை வேண்டாம். ஆடியின் நடுப்பகுதி செகண்டரியின் நிழலில்தான் இருக்கிறது.

இப்போது பிரைமரி. பரவளைய ஆடி தன் அச்சில் மட்டுமே குறையில்லாத படம் தரும். அச்சை விட்டு விலகினால் கோமா. நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும். கோமா தொந்தரவு செய்யாத அந்த வட்டத்தின் விட்டம் எஃப்/8ல் சுமார் 11 மில்லிமீட்டர். எஃப்/4.5ல் வெறும் 2 மில்லிமீட்டர், எஃப்/4ல் அதைவிடவும் குறைவு. எஃப் எண் பாதியானால் வட்டம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். சிறிய எஃப்/8 கருவியில் பழகியவர்கள் பெரிய எஃப்/4.5க்கு மாறும்போது தடுமாறுவது இதனால்தான். பழைய கருவி மன்னித்ததைப் புதியது மன்னிக்காது.

இதற்கு, ஃபோகசரில் செருகும் லேசர் காலிமேட்டரை அப்படியே நம்புவது அடுத்த தவறு. மலிவான லேசர் காலிமேட்டர்கள் பல, வாங்கும்போதே நேராக இருக்காது. வி வடிவப் பள்ளத்தில் வைத்து, ஐந்தாறு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளிப்புள்ளியை விழவைத்து, லேசரை மெல்லச் சுழற்றுங்கள். புள்ளி வட்டம் போட்டால் முதலில் லேசரைத்தான் திருத்த வேண்டும். ஃபோகசரில் வைத்துச் சுழற்றிப் பார்க்காதீர்கள். ஃபோகசரின் ஆட்டமும் அதில் கலந்துவிடும். பிரைமரிக்கு என் பரிந்துரை செஷயர் என்ற சிறு துளையுள்ள பார்வைக் குழாய், அல்லது உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸ் வழியாக விரித்துவிட்ட லேசர். பார்லோ முறையில் பிரைமரியின் மைய வளையத்தின் நிழல்தான் திரும்பி வந்து விழும். அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும். லேசர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும் பெரிதாகப் பாதிக்காது.

பிரைமரியைத் திருத்தும்போது குழாய் கிடைமட்டமாக இருக்கக் கூடாது. அந்த நிலையில் ஆடி முன்னால் சாய்ந்து கிளிப்புகளில் படலாம். 45 முதல் 60 டிகிரி உயரத்தில் வைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு 30 டிகிரிக்கு இறக்கியும் 75 டிகிரிக்கு ஏற்றியும் பாருங்கள். நிழல் நகர்ந்தால் எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது. அதைத் தேடுங்கள், திருகைத் தொடாதீர்கள். பூட்டுத் திருகுகளை ஓங்கி இறுக்கினாலும் சரிசெய்தது நகர்ந்துவிடும், அதனால் இறுக்கியபின் இன்னொரு முறை பாருங்கள்.

கடைசி தீர்ப்பு நட்சத்திரத்துடையது. அதற்கு முன் பெரிய கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வரவேண்டும். பின்னால் சிறு விசிறி வைத்தாலும் நேரம் எடுக்கும். ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரை ஊரின் ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் ஆடி வியர்த்துவிடும். துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும்.

வெளிநாட்டுக் கையேடுகள் துருவ நட்சத்திரத்தில் சோதிக்கச் சொல்லும். சென்னையில் அது 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது, கன்னியாகுமரியில் 8. அவ்வளவு தாழ்வில் காற்றின் கொதிப்பைத்தான் பார்ப்பீர்கள். ஏப்ரல், மே இரவுகளில் சப்தரிஷி மண்டலத்தின் துபே, நவம்பரில் காசியோப்பியாவின் நட்சத்திரங்கள் நல்லவை. வடவானில் சுமார் 40 டிகிரி உயரம் வரை ஏறும். வானநடுக்கோட்டு நட்சத்திரங்களைவிட ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் நகரும். 250 மடங்குக்கு மேல் உருப்பெருக்கி, புலத்தின் நடுவில் நிறுத்தி, ஃபோகஸை மிகக் கொஞ்சம் மட்டும் விலக்குங்கள். வளையங்கள் ஒருமையமாக இருக்க வேண்டும். அதிகமாக விலக்கினால் தெரிவது செகண்டரியின் நிழல், அது எதையும் சொல்லாது. ஒவ்வொரு முறை பிரைமரியைத் திருகியதும் நட்சத்திரம் நகரும். நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே மறுபடி பாருங்கள்.

விடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ட்ரஸ் குழாய் திறந்த குழாய். மூடியில்லாத பெரிய ஆடியில் காலை வெயில் விழுந்தால் அது குவியும் இடத்தில் இருப்பது எரியும்: செகண்டரியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக், சுற்றியிருக்கும் கறுப்புத் துணி, பக்கத்துத் திரைச்சீலை எதுவானாலும். ஆடியின் மூடியை இரவிலேயே போட்டுவிடுங்கள்.