ஒக்டோபர் கூடாரத்தில் நடுங்காமல் நித்திரை கொள்வது எப்படி?

கனடாவின் அல்கான்குவின் பூங்காவில் மேப்பிள் இலைகள் சிவந்து நிற்பது செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முதல் வாரத்திலும்தான். ரொறொன்ரோவிலிருந்து மூன்று மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஓர் இரவு தங்கினால் என்ன என்று தோன்றும். தாராளமாகத் தங்கலாம். ஆனால் மத்தியானம் 15 பாகை இருந்த அதே இடம் விடியப்புறம் பூச்சியத்துக்கு வந்துவிடும்.

முதல்முறை போனபோது, வீட்டில் விருந்தாளிகளுக்குப் போடும் காற்று மெத்தையையும் மூன்று கம்பளிகளையும் கொண்டுபோனேன். இரவு இரண்டு மணிக்கு எழும்பிக் காருக்குள் போய்ப் படுத்தேன். போர்வை போதாமல் இல்லை, நெஞ்சுப் பக்கம் வியர்த்தேகூட இருந்தது. முதுகுதான் விறைத்துப்போனது. அதனால் இந்த விளக்கத்தைக் கீழிருந்தே தொடங்குகிறேன்.

1. தரையை மூடுங்கள்

நம்மைச் சூடாக வைத்திருப்பது கம்பளியோ பஞ்சோ இல்லை, அதற்குள் அசையாமல் நிற்கும் காற்று. நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு நசுங்கி அந்தக் காற்று போய்விடும். எவ்வளவு விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பாக் (உள்ளே புகுந்து படுக்கும் பஞ்சுப் பை) ஆனாலும் அடிப்பக்கம் இதே கதைதான். காற்று மெத்தை இன்னும் மோசம். உள்ளே இருக்கும் காற்று சுற்றிச் சுற்றி ஓடி, உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

முகாம் பாய்களின் உறையில் 'ஆர்' மதிப்பு என்று ஓர் எண் இருக்கும், பாய் சூட்டைத் தரைக்கு விடாமல் எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு அது. கூடக் கூட நல்லது. கோடைகாலப் பாய்களில் 1 அல்லது 2 இருக்கும், ஒக்டோபருக்குக் குறைந்தது 4 பாருங்கள். புதிதாக வாங்கக் காசு இல்லையா? இரண்டு பாய்களை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் இரண்டு எண்களும் கூடும். மடித்துக் கட்டும் சாதாரண ஃபோம் பாய் ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும். காற்று மெத்தைதான் கைவசம் இருக்கிறது என்றால், ஃபோமை அதன் கீழே போடாமல் மேலே போடுங்கள்.

2. பையின் எண்ணை நம்பும் முன்

ஸ்லீப்பிங் பாக்கின் லேபிளில் பொதுவாக இரண்டு வெப்பநிலைகள் இருக்கும்: 'கம்ஃபர்ட்', 'லிமிட்'. லிமிட் என்பது குறண்டிப் படுத்து ஒருமாதிரி இரவைக் கடத்தும் அளவு. நீங்கள் பார்க்கவேண்டியது, நிம்மதியாக நித்திரை கொள்ளக்கூடிய அளவைச் சொல்லும் கம்ஃபர்ட். பையின் முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் எது என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வானிலை அறிக்கை 3 பாகை என்றால், அதைவிட 5 பாகை குறைவாகத் தாங்கும் பை எடுப்பது என் வழக்கம். படுக்க அரைமணிநேரம் முன்பே பையை விரித்து உதறி விடுங்கள், பஞ்சு உப்பட்டும்.

3. உடுப்பு

பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு இரவு முழுக்கக் குளிரும். சாரத்தோடு படுக்கும் ஆட்களுக்கு இது கஷ்டம்தான், ஒரு நாளைக்குப் பொறுங்கள். மெரினோ கம்பளி அல்லது பொலியெஸ்டர் உள்ளுடுப்பு ஒரு சோடியைப் படுக்கைக்கு மட்டும் என்று தனியாக வையுங்கள். பகலில் நடந்த சொக்ஸோடு படுக்கவே கூடாது. தலைக்குத் தொப்பி கட்டாயம்.

4. இடம்

ஏரிக்கரையில் படம் நன்றாக வரும், குளிரும் அங்கேதான் வந்து தேங்கும். கொஞ்சம் மேடான, காற்று மறைந்த இடமாகப் பாருங்கள்.

5. சுடுதண்ணிப் போத்தல்

எனக்குப் பிடித்த வேலை இது. கொதிநீர் தாங்கும், அகன்ற வாயுள்ள கெட்டிப் போத்தல் ஒன்று வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றி, மூடியை இறுக்கி, வெளியே வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பாருங்கள். ஒரு சொட்டுக்கூட விழவில்லையா? சரி, தடித்த சொக்ஸ் ஒன்றுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுவதால் சூடு உடம்பெங்கும் பரவும். அரைத் தூக்கத்தில் அதைப் பாதத்துக்குத் தள்ளிவிடலாம்.

படுக்கப் போகும் முன் இரண்டு எள்ளுருண்டையோ ஒரு பிடி கச்சானோ சாப்பிடுங்கள். கொழுப்பு மெதுவாகச் செரிக்கும். ஆனால் கூடாரத்துக்கு வெளியே வைத்துத்தான். மிச்சத்தைக் காருக்குள் பூட்டுங்கள், அல்கான்குவினில் கரடிகள் இருக்கின்றன.

6. இதை மட்டும் செய்யவே வேண்டாம்

கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ எரிக்காதீர்கள், 'ஐந்து நிமிடம்தானே' என்றாலும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆள் போய்விடும். குளிருக்குப் பயந்து கூடாரத்தின் காற்றுத் திறப்புகளையும் அடைக்காதீர்கள். மூச்சின் ஈரம் உள்கூரையில் படிந்து பையின்மேல் சொட்டும். பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சுவிட்டாலும் இதே ஈரம்தான்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிப் போகாமல் அங்கேயே வாங்குங்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் விறகோடுதான் ஊர்விட்டு ஊர் போகின்றன.

காலையில் அடுப்புப் பற்றவில்லை என்று பலர் பதறுவார்கள். பெரும்பாலும் பழுது அடுப்பில் இல்லை. பியூட்டேன் வாயு பூச்சியத்துக்குக் கிட்டப் போனதும் திரவமாகவே படுத்துவிடும். புரொபேன் -42 பாகை வரை ஆவியாகும், ஆகவே இந்தப் பருவத்துக்குப் புரொபேன் அடுப்பே கொண்டுபோங்கள். கேத்திலுக்கு ஏரித் தண்ணீர் அள்ளவும் ஓடவேண்டாம். காலடியில் கிடக்கும் போத்தலில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும், தேத்தண்ணிக்கு அதையே ஊற்றுங்கள்.