பெர்லின் வெற்றித் தூணை எப்படிப் பார்ப்பது: ஓர் அரைநாள் வழிகாட்டி

பெர்லினுக்குச் செல்லும் பயணிகளில் பலர், டியர்கார்டன் பூங்காவின் நடுவே பொன்னிறத் தேவதையைச் சுமந்து நிற்கும் வெற்றித் தூணை அண்ணாந்து பார்த்து, 285 படிகளையும் மூச்சிரைக்க ஏறி, நான்கு திசையிலும் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் நகரம் தெரியும், தூண் தெரியாது. வெற்றிச் சின்னம் ஒன்றை எழுப்பியவர்கள் சொல்ல விரும்பியதை அது உரக்கவே சொல்லிவிடும், அதைப் புரிந்துகொள்ள வழிகாட்டி தேவையில்லை. பின்னால் வந்தவர்கள் அதில் எதைக் கூட்டினார்கள், எதைக் கழற்றினார்கள், எங்கே தூக்கி வைத்தார்கள் என்பதில்தான் அந்த நகரத்தின் உண்மையான வரலாறு இருக்கிறது. பெர்லின் தூணில் இந்தத் தடயங்கள் எல்லாம் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதையே இங்கே சொல்கிறேன். இதற்கு ஓர் அரைநாள் போதும்.

புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

இந்தத் தூண் முதலில் ஒரே ஒரு வெற்றிக்காகத் திட்டமிடப்பட்டது. 1864இல், பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் கைகோத்து டென்மார்க்கைத் தோற்கடித்தன. அதற்கு நினைவுச்சின்னம் எழுப்பும் பொறுப்பு கட்டிடக் கலைஞர் ஹைன்ரிஷ் ஷ்ட்ராக்கிடம் வந்தது. வேலை முடிவதற்குள் காலம் முந்திக்கொண்டது. 1866இல் பிரஷ்யா தன் பழைய கூட்டாளியான ஆஸ்திரியாவையே கோனிக்கிரேட்ஸ் போர்க்களத்தில் வீழ்த்தியது. 1870இல் செடான் நகரில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் சிறைப்பட்டார். 1871 ஜனவரியில் பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையிலேயே ஜெர்மானியப் பேரரசு அறிவிக்கப்பட்டது. ஆக, ஒரு வெற்றிக்குத் தொடங்கிய தூண் மூன்று வெற்றிகளுக்கும் ஒரு புதிய பேரரசுக்கும் உரியதாக மாறி, செடான் வெற்றியின் மூன்றாம் ஆண்டு நிறைவான 1873 செப்டம்பர் 2 அன்று திறக்கப்பட்டது. எளிய தூணுக்கு மேல் அவ்வளவு பெரிய வெண்கல உருவம் வைக்கும் எண்ணம் வந்ததற்கும் இந்தப் பிந்திய வெற்றிகளே காரணம்.

டென்மார்க், ஆஸ்திரியா, பிரான்ஸ் என்ற இந்த மூன்று பெயர்களையும் அதே வரிசையில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தூணில் காணும் ஏறத்தாழ எல்லாமே இந்த வரிசையோடு தொடர்புடையவை.

தூண் இல்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள்

நேரே தூணுக்குப் போகாதீர்கள். 100ஆம் எண் பேருந்தில் ஏறி, நாடாளுமன்றக் கட்டிடமான ரைக்ஸ்டாகுக்கு முன்னால் உள்ள குடியரசுச் சதுக்கத்தில் இறங்குங்கள். இன்று விரிந்த புல்வெளியாக இருக்கும் இந்த இடத்தில்தான், அரசர் சதுக்கம் என்று இது அழைக்கப்பட்ட நாளில், வெற்றித் தூண் நின்றது. அப்போது ரைக்ஸ்டாக் கட்டிடமே இல்லை. அது 1894இல்தான் முடிந்தது. முதலில் வந்தது வெற்றித் தூண், அதன் எதிரே பிறகு வந்தது நாடாளுமன்றம். இந்த வரிசை அந்தப் பேரரசின் இயல்பைப் பற்றி நிறையவே சொல்கிறது என்பது என் எண்ணம்.

தூண் இங்கிருந்து ஏன் போனது? ஹிட்லர் பெர்லினை ஓர் உலகத் தலைநகரமாக மாற்றி அமைக்க விரும்பினார். அந்தத் திட்டத்தைத் தீட்டிய ஆல்பர்ட் ஷ்பேர், இந்தச் சதுக்கத்தைத் தன் பிரம்மாண்டமான வடக்குத் தெற்குச் சாலைக்கும் மாபெரும் மண்டபத்துக்கும் ஒதுக்கினார். தூண் வழியில் நின்றது. எனவே 1938, 1939 ஆண்டுகளில் அதைப் பிரித்து, டியர்கார்டன் பூங்காவில் ஐந்து சாலைகள் கூடும் க்ரோஸர் ஷ்டெர்ன் என்னும் வட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் எழுப்பினார்கள். 1939 ஏப்ரல் 20 அன்று ஹிட்லரின் ஐம்பதாம் பிறந்தநாள் அணிவகுப்பு நடந்த கிழக்கு மேற்குச் சாலையின் மீது தூண் புதிதாக நின்றது. மாபெரும் மண்டபம் கட்டப்படவே இல்லை. 1945 ஏப்ரல் இறுதியில் ரைக்ஸ்டாகைச் சுற்றி மிகக் கொடிய சண்டை நடந்ததை எண்ணினால், பழைய இடத்திலேயே இருந்திருந்தால் தூண் தப்பியிருப்பது கடினம். இடிந்திருக்க வேண்டியதைத் தெரியாமலே காப்பாற்றிய இடமாற்றம் என்று இதைச் சொல்லலாம்.

நடக்கும் வழியில் ஒரு நிறுத்தம்

சதுக்கத்திலிருந்து தெற்கே நடந்தால் ஜூன் 17 சாலை வரும். 1953இல் கிழக்கு ஜெர்மனியின் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்த நாளின் பெயர் அது. அந்தச் சாலையில் மேற்கே திரும்புவதற்கு முன், இருபுறமும் டி-34 டாங்கிகள் நிற்கும் சோவியத் போர் நினைவிடத்தைப் பாருங்கள். போர் முடிந்த சில மாதங்களிலேயே, 1945 நவம்பரில் இது திறக்கப்பட்டது. 2,000க்கும் மேற்பட்ட செஞ்சேனை வீரர்கள் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நகரம் பிரிக்கப்பட்டபோது இந்த இடம் பிரிட்டிஷ் பகுதிக்குள் விழுந்துவிட்டதால், மேற்கு பெர்லினுக்குள் சோவியத் காவலர்கள் நின்று பாதுகாத்த விந்தையான காட்சி பல பத்தாண்டுகள் நீடித்தது.

இங்கே நிற்பது வெறும் இளைப்பாறலுக்கு அல்ல. ஒரே சாலையில், நடந்தே போகும் தொலைவில், பெர்லின் வென்றதைச் சொல்லும் சின்னம் ஒன்றும், பெர்லினை வென்றதைச் சொல்லும் சின்னம் ஒன்றும் நிற்கின்றன. இரண்டிலும் போர்த் தளவாடமே அலங்காரம். இங்கே வென்றவரின் டாங்கி; அங்கே தூணில் தோற்றவரின் பீரங்கி. இந்த வேறுபாட்டைக் கவனித்துவிட்டு மேற்கே நடையைத் தொடருங்கள். ஒன்றரை கிலோமீட்டருக்குக் குறைவான, மரநிழல் உள்ள நேர் பாதை அது. இந்த மரங்கள் ஏறக்குறைய எல்லாமே போருக்குப் பின் நட்டவை. 1945க்குப் பிந்திய குளிர்காலங்களில் விறகுக்காகப் பூங்காவை மக்கள் ஏறக்குறைய மொட்டையாக வெட்டிவிட்டார்கள். அந்நாளைய படங்களில் தூண், காய்கறி பயிரிட்ட வெற்று நிலத்துக்கு நடுவே நிற்கும்.

வட்டத்தைச் சென்றடைந்ததும் சாலையைக் குறுக்கே கடக்க முயலாதீர்கள். வாகனங்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஓரங்களில் சிறு கோயில் போன்ற நான்கு கல் மண்டபங்கள் உள்ளன. அவற்றின் வழியே இறங்கினால் சுரங்கப் பாதை தூணின் அடிவாரத்துக்குக் கொண்டுசேர்க்கும். இந்த மண்டபங்களும் பாதைகளும் ஷ்பேரின் காலத்தவை. வட்டமும் அப்போதுதான் 80 மீட்டர் விட்டத்திலிருந்து 200 மீட்டராக அகலப்படுத்தப்பட்டது.

பீடத்தில் அதிக நேரம் செலவிடுங்கள்

படியேறும் அவசரத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவது இந்தச் செந்நிறக் கிரானைட் பீடத்தைத்தான். என் பார்வையில் முழுத் தூணிலும் மிக முக்கியமான பகுதி இதுவே. நான்கு முகங்களிலும் வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. டென்மார்க் போரை அலெக்சாண்டர் கலாண்ட்ரெல்லியும், கோனிக்கிரேட்ஸ் போரை மோரிட்ஸ் ஷூல்ட்ஸும், செடான் போரை கார்ல் கைலும், 1871இல் படைகள் பெர்லினுக்குள் வெற்றியோடு நுழைந்ததை ஆல்பர்ட் வோல்ஃபும் வடித்தார்கள். பீடத்தைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து, எந்த முகம் எந்தப் போர் என்று முதலில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். தளபதிகள் குதிரையில் நடுவே இருக்க, வீரர்களும் பிரிந்து செல்லும் குடும்பத்தினரும் ஓரங்களில் இருக்கும் அமைப்பு அந்த நூற்றாண்டின் வழக்கமான பாணிதான்.

இரண்டாம் சுற்றில் கிட்டே போய்ப் பாருங்கள். சில உருவங்களுக்குத் தலை இல்லை, சில இடங்களில் கை இல்லை, குதிரை மீது அமர்ந்தவரின் ஒரு பகுதி அப்படியே வெட்டுண்டு போயிருக்கிறது. வெண்கலத்தைத் துளைத்த ஓட்டைகளும் கல்லில் விழுந்த குண்டுத் தழும்புகளும் விரலால் தொட்டுப் பார்க்கும் உயரத்திலேயே உள்ளன. ஓட்டைகள் 1945 சண்டையின் மிச்சம். ஆனால் வெற்றிடங்கள் எல்லாம் குண்டு செய்த வேலையல்ல. போர் முடிந்ததும், 1870இன் அவமானத்தை மறக்காத பிரான்ஸ் இந்தத் தூணையே தகர்த்துவிட விரும்பியது. மற்ற நேச நாடுகள் அதற்கு இசையவில்லை. புடைப்புச் சிற்பங்கள் மட்டும் கழற்றப்பட்டன; அவற்றில் சில பாரிஸுக்குக் கொண்டு செல்லப்பட்டன. நாற்பது ஆண்டுகள் பீடம் வெறுமையாக நின்றது. 1980களில், பெர்லின் நகரத்தின் 750ஆம் ஆண்டு விழாவான 1987ஐ ஒட்டி, பிரான்ஸ் தன்னிடம் இருந்தவற்றைத் திருப்பித் தந்தது. எல்லாத் துண்டுகளும் திரும்பவில்லை. விடுபட்டவற்றைப் புதிதாக வார்த்து ஒட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மிகச் சரியான முடிவு இது. முழுமையாக்கியிருந்தால் இந்தப் பீடம் 1873ஐ மட்டுமே பேசியிருக்கும்.

இப்படி வெற்றிச் சின்னத்தைப் பெயர்த்து எடுத்துச் செல்வது பெர்லினுக்கும் பாரிஸுக்கும் இடையே முதன்முறையாக நடந்ததும் அல்ல. 1806இல் நெப்போலியன் பிராண்டன்பர்க் வாயிலின் உச்சியில் இருந்த நான்கு குதிரைத் தேரைப் பாரிஸுக்குக் கொண்டு போனார். அவர் வீழ்ந்த 1814இல் அது திரும்பி வந்தது.

தூண் மண்டபமும் பீரங்கிகளும்

பீடத்துக்கு மேலே வட்டமான தூண் மண்டபம் ஒன்று உள்ளது. அதன் உட்சுவரைச் சுற்றி ஓடும் கண்ணாடி மொசைக் ஓவியத்தை வரைந்தவர் பேரரசின் அரசவை ஓவியர் அன்டன் ஃபொன் வெர்னர். அதைச் செய்துகொடுத்தது வெனிஸின் சால்வியாட்டி பட்டறை. பிரான்ஸோடு மூண்ட போரும் அதன் வழியே ஜெர்மன் நாடுகள் ஒன்றானதும் இதன் பொருள். ஜெர்மானியா என்ற பெண்ணுருவம் இங்கே நாட்டின் வடிவமாக வருகிறது. நிறங்கள் அழகு, கருத்து ஆரவாரம். பத்து நிமிடம் போதும்.

அடுத்து வெளியே வந்து சற்றுத் தள்ளி நின்று, தண்டைப் பாருங்கள். கேமராவின் ஜூம் இங்கே உதவும். மணற்கல் தண்டின் பள்ளங்களில் செங்குத்தாகப் பொன் பூசிய குழாய்கள் பதிந்திருப்பது தெரியும். அவை வெறும் அலங்கார வேலைப்பாடு அல்ல. டென்மார்க், ஆஸ்திரியா, பிரான்ஸ் படைகளிடமிருந்து கைப்பற்றிய உண்மையான பீரங்கிக் குழாய்கள். தண்டு நான்கு பகுதிகளால் ஆனது. மூன்றில் பீரங்கிகள் உள்ளன, மூன்று போர்களுக்கும் ஒன்றொன்றாக. பீரங்கி இல்லாமல் பொன் மாலைகள் மட்டும் தொங்கும் பகுதி எது என்று தேடுங்கள். 1938இல் இடம் மாற்றியபோது ஷ்பேர் காலத்தவர்கள் சேர்த்த நான்காம் பகுதி அதுதான். தூணை இன்னும் உயரமாகக் காட்டுவதற்காகவே அதைச் சேர்த்தார்கள். இன்றைய உயரம் சுமார் 67 மீட்டர். மற்ற மூன்றுக்கும் பின்னால் ஒரு போர் இருந்தது. இதற்குப் பின்னால் எந்தப் போரும் இல்லை, உயரத்தின் மீதான ஆசை மட்டுமே இருந்தது.

உச்சியில் இருக்கும் வெற்றித் தேவதை ஃபிரீட்ரிஷ் டிராக்கெயின் படைப்பு. உயரம் 8.3 மீட்டர், எடை 35 டன். ஒரு கையில் வெற்றி மாலை, மறு கையில் இரும்புச் சிலுவை பொறித்த கொடிக்கம்பம். டிராக்கெ தன் மகளையே முகத்துக்கு மாதிரியாகக் கொண்டார் என்பார்கள். 2010, 2011 சீரமைப்பின்போது இவள் மீது ஒட்டிய தங்கத் தகட்டின் எடை 1.2 கிலோ மட்டுமே. பெர்லின்வாசிகள் இவளைத் ‘தங்க எல்சா’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள்.

படி ஏறுவதானால்

மின்தூக்கி கிடையாது. சுழற்படி குறுகலானது, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம், இழப்பு பெரிதல்ல. நேரமும் கட்டணமும் பருவத்துக்கு ஏற்ப மாறுவதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சுமார் 50 மீட்டர் உயரத்தில் உள்ள தளத்தில் நின்றால், கிழக்கே பிராண்டன்பர்க் வாயிலும் ரைக்ஸ்டாகின் கண்ணாடிக் குவிமாடமும் தெரியும். தூண் எவ்வளவு தூரம் நகர்ந்து வந்திருக்கிறது என்பது அங்கிருந்து விளங்கும்.

கீழே விரிந்து கிடக்கும் சாலையில் பிற்காலத்தில் நடந்தவற்றையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1945 மே 2 அன்று, பெர்லின் சரணடைந்த நாளில், சோவியத் படையோடு இணைந்து போரிட்ட போலந்து வீரர்கள் இந்தத் தூணில் தங்கள் கொடியை ஏற்றினார்கள். போலந்து தன் கொடி நாளை இன்று அதே தேதியில் கொண்டாடுகிறது. 1991 ஜனவரியில் ஒரு தீவிர இடதுசாரிக் குழு தூணைக் குண்டு வைத்துத் தகர்க்க முயன்றது, சேதம் சிறியதே. 1996 முதல் லவ் பரேட் இசை ஊர்வலம் இந்த வட்டத்தைச் சுற்றிக் கூடியபோது, லட்சக்கணக்கான இளைஞர்கள் அணிவகுப்புச் சாலையை நடனமேடையாக்கினார்கள். 2008 ஜூலை 24 அன்று, அப்போது அதிபர் வேட்பாளராக இருந்த பராக் ஒபாமா இங்கே சுமார் இரண்டு லட்சம் பேர் முன் பேசினார். அண்டை நாடுகளை வென்றதற்கான சின்னத்தின் அடியில் நட்பைப் பற்றிப் பேசுவதா என்று ஜெர்மன் அரசியல்வாதிகள் சிலர் அப்போது கேட்டார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் கூடியிருந்தவர்களில் செடானை நினைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

இறங்கிய பின்

சுரங்கப் பாதை வழியே வட்டத்தின் வடக்கு ஓரத்துக்குப் போங்கள். பிஸ்மார்க், மோல்ட்கே, ரூன் ஆகிய மூவரின் சிலைகள் அங்கே நிற்கின்றன. முதலாமவர் அந்தப் போர்களின் அரசியலை நடத்தியவர். இரண்டாமவர் போர்த் திட்டம் வகுத்தவர். மூன்றாமவர் படையைச் சீரமைத்த போர் அமைச்சர். ரைன்ஹோல்ட் பேகாஸ் வடித்த பிஸ்மார்க் சிலை 1901இல் ரைக்ஸ்டாக் முன் வைக்கப்பட்டது. தூணோடு சேர்த்து அதையும் இங்கே பெயர்த்து வந்தார்கள்.

பழைய சதுக்கத்திலிருந்து தெற்கே ஓடிய வெற்றி வீதியில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் நிறுத்திய பிராண்டன்பர்க், பிரஷ்ய ஆட்சியாளர்களின் பளிங்குச் சிலைகள் இவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. போருக்குப் பின் நேச நாடுகளின் ஆணையால் அவை அகற்றப்பட்டன. உடைந்த மூக்கும் முறிந்த கையுமாக எஞ்சியவை நகரத்தின் மேற்கே உள்ள ஷ்பாண்டாவ் கோட்டையில், பெர்லினில் இடம் இழந்த நினைவுச்சின்னங்களுக்கான நிரந்தரக் காட்சியில் இருக்கின்றன. இன்னோர் அரைநாள் கையில் இருந்தால் யு7 சுரங்க ரயிலில் அங்கே போய்வரலாம்.