தேம்ஸ் பாதையைத் துண்டு துண்டாக நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் போதும், தேம்ஸ் பாதையை நடக்கப் போகிறோம் என்று யாராவது வந்து யோசனை கேட்பார்கள். கெம்பிள் ஊருக்கு அருகே, ஆற்றின் ஊற்று இருக்கும் ஒரு புல்வெளியில் தொடங்கி, லண்டனின் கிழக்கே இருக்கும் வூலிச் வரை சுமார் 185 மைல்; கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். 1996இல் தேசியப் பாதையாகத் திறந்தார்கள். ஒரே மூச்சில் நடக்க இரண்டு வாரம் லீவு வேண்டும். அது யாருக்குக் கிடைக்கிறது? ஆகவே வார இறுதிகளில் பத்து, பதினைந்து மைலாகப் பிரித்து நடக்கிறோம். எங்கே பிரிப்பது என்பதில்தான் புதியவர்கள் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரு காலத்தில் நானும் இதே வேலையைச் செய்தவன் என்பதால், பார்க்கும்போது எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

மழைச்சட்டை எடுங்கள், கொப்புளத்துக்கு பிளாஸ்டர் வையுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. முதல் மழையும் முதல் கொப்புளமும் அதைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

காரைத் தொடக்கத்தில் நிறுத்துவது

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. காலையில் நடை தொடங்கும் ஊருக்குக் காரில் போவார்கள். அங்கேயே நிறுத்திவிட்டு நடப்பார்கள். முடிக்கும் ஊரிலிருந்து பஸ் பிடித்துக் காருக்குத் திரும்பிவிடலாம் என்பது திட்டம். காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் காரைப் பூட்டிய நிமிடத்திலிருந்து அந்த நாள் உங்களுடையது இல்லை, அந்தப் பஸ்ஸுடையது.

தெரிந்த தம்பிகள் இருவர் கிரிக்லேடிலிருந்து லெச்லேட் வரை நடக்கக் கிளம்பினார்கள். பதினொரு மைல், சமதளம், நல்ல வெயில். கார் கிரிக்லேடில். திரும்புவதற்கு லெச்லேடில் பஸ் ஏறி, ஸ்விண்டன் போய், அங்கே வேறு பஸ் மாறி வர வேண்டும். காரை முடிக்கும் ஊரில் விடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "காலையிலேயே யார் அண்ணா பஸ்ஸில் அலைவது? முதலில் நடந்துவிடுகிறோம்" என்றார்கள். காசில் ஈட்டனில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள், நேரமாகிவிட்டது என்று பாதியில் எழுந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஓட்டம்தான். கடைசி மைல்களில் லெச்லேட் தேவாலயத்தின் கூர்கோபுரம் புல்வெளிக்கு அப்பால் தெரியத் தொடங்கும். இதோ வந்துவிட்டோம் என்று தோன்றும். ஆறு வளைய வளையக் கோபுரம் இடப்பக்கம் போகும், வலப்பக்கம் வரும். கிட்டே மட்டும் வராது. நிதானமாக நடப்பவனுக்கு அந்தப் பாதையில் அதைவிட அழகான இடம் குறைவு. இவர்கள் கோபுரத்தைப் பார்த்ததை விடக் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

மாலையில் போன் வந்தது.

"அண்ணா, இதற்குப் பிறகு பஸ் உண்டா?"

"கடைசி பஸ் போய்விட்டதா?"

"நாங்கள் பாலத்தில் ஏறும்போது எதிரே வந்தது. கையைக் காட்டினோம், நிற்கவில்லை."

பாலத்தின் நடுவில் எந்த பஸ் நிற்கும்? டாக்சியை ஸ்விண்டனிலிருந்து வரவழைத்தார்கள். அது வந்து சேர ஒரு மணி நேரம். அதற்குக் கொடுத்த பணத்தில் இன்னும் இரண்டு நாள் நடை போயிருக்கலாம். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த இருவரில் ஒருவர் பிறகு நடக்க வரவே இல்லை.

வழி மிக எளிது. காலையில் காரை லெச்லேடில் விடுங்கள். எந்த பஸ் குறைவாக ஓடுகிறதோ, அதைத் தெம்பாக இருக்கும் காலை நேரத்திலேயே பிடித்து கிரிக்லேட் போங்கள். பிறகு காரை நோக்கி நடங்கள். வழியில் ஒரு மணி நேரம் தூங்கினாலும் கார் கிளம்பிப் போய்விடாது. பஸ் வராமல் போனால்கூட அது காலை எட்டரைக்கே தெரிந்துவிடும். வேறு திட்டம் போட நாள் முழுவதும் இருக்கிறது.

கார் இல்லாதவர்களுக்கும் இதே கணக்குதான். ரயில் அரிதாக வரும் ஊரில் தொடங்கி, அடிக்கடி வரும் ஊரில் முடியுங்கள். ஹென்லிக்கு ஒரு கிளைப் பாதை ரயில்தான் போகிறது. ரெடிங் பெரிய சந்திப்பு. ஆகவே காலையில் ஹென்லியில் இறங்கி ரெடிங்கை நோக்கி நடப்பதே புத்திசாலித்தனம். இதைச் சொன்னால் உடனே ஓர் ஆட்சேபம் வரும்: "அது ஆற்றுக்கு எதிர்த்திசை ஆயிற்றே!" ஆமாம், எதிர்த்திசைதான். ஊற்றிலிருந்து கடல் பக்கமாகத்தான் ஒவ்வொரு அடியும் போக வேண்டும் என்று யார் விதித்தார்கள்? ஒரு துண்டை மேலிருந்து கீழே நடந்தாலும் கீழிருந்து மேலே நடந்தாலும் கரை அதே கரைதான். இந்த வீண் பிடிவாதத்தால்தான் பாதிப்பேர் தவறான ஊரில் காரை விடுகிறார்கள்.

மைலை வைத்து ஒரு நாள் நடையை வெட்டுவது

வரைபடத்தை விரித்து, பன்னிரண்டு மைலுக்கு ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டே போவார்கள். ரெடிங்குக்குக் கீழே பெரும்பாலும் இது பலித்துவிடும். மார்லோ, மெய்டன்ஹெட், விண்ட்சர், ஸ்டெயின்ஸ் என்று ரயில் நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. லெச்லேடுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் நடுவே பலிக்காது. அந்த முப்பது மைலில் கரையோரம் ஒரு ரயில் நிலையம்கூட இல்லை. லெச்லேட் வழியாக ஃபேர்போர்டு வரை ஓடிய கிளைப் பாதையை 1962இல் மூடிவிட்டார்கள். ராட்காட், நியூபிரிட்ஜ் என்று வரைபடத்தில் பெயர்கள் கம்பீரமாக இருக்கும். நேரில் போனால் ஒரு பழைய பாலமும் பப்பும்தான். அங்கே நாளை முடித்தால் வீடு திரும்புவது எப்படி என்பதை முதலில் எழுதிவையுங்கள், தூரத்தைப் பிறகு போடுங்கள். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் இரவு தங்குவதற்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

கொஞ்சம் மிச்சம் வைப்பது

இருட்டிவிட்டது, நண்பர் காரில் வந்து ஏற்றிக்கொண்டார், இரண்டு மைல் பாக்கி. அடுத்த தடவை அந்த இரண்டு மைலை விட்டுவிட்டு வசதியான அடுத்த பாலத்திலிருந்து தொடங்குகிறீர்கள். "அதைப் பிறகு ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம்." அந்த ஒருநாள் வரும்போது, முக்கால் மணி நேர நடைக்காக ரயில், பஸ், டாக்சி என்று முழு நாளும் போகும். அதிலும் ராட்காடுக்கும் டாட்போல் பாலத்துக்கும் நடுவே மிச்சம் வைத்தவர்கள் பாவம். இரண்டு முனையிலும் வண்டி கிடையாது. விட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள். அது முடியாத இடமென்றால் ஒரு பாலம் முன்னதாகவே நாளை முடித்துக்கொள்ளுங்கள்.

கோடையை லண்டனில் வீணாக்குவது

பெரும்பாலானவர்கள் லண்டன்வாசிகள். அதனால் ஜூன், ஜூலையில் பட்னி, ரிச்மண்ட், கிங்ஸ்டன் என்று பக்கத்தில் இருப்பதை முடித்துவிட்டு, ஆற்றின் மேல்பகுதியைக் குளிர்காலத்துக்குத் தள்ளுவார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டிய வேலை. லண்டன் கரையில் பெரும்பகுதி கெட்டித் தரை. எங்கே களைத்தாலும் அருகில் ரயில் நிலையம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிட்டாலும் தெருவிளக்கு எரியும். கிரிக்லேடுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் இடையில் இருப்பதோ வெள்ளச் சமவெளி. மழைக்காலத்தில் பாதை எது, ஆறு எது என்று தெரியாமல் புல்வெளி முழுவதும் தண்ணீர் நிற்கும். வேலிக் கதவின் மேல்பாதி மட்டும் வெளியே தெரியும். மே முதல் செப்டம்பர் வரை மேல்பகுதிக்கு ஒதுக்குங்கள்.

படகுகளை ஏற்றி இறக்கும் லாக்குகளில், நீரோட்டம் பலமாக இருந்தால் படகோட்டிகளுக்காகச் சிவப்புப் பலகை வைப்பார்கள். எங்கெங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை இணையத்திலும் பார்க்கலாம். நடப்பவர்களுக்கு அது தடை இல்லை. ஆனாலும் மேல்பகுதி முழுக்கச் சிவப்பு என்றால் நான் அந்த வாரம் கிளம்ப மாட்டேன்.

டெடிங்டனுக்குக் கீழே ஓதத்தை மறப்பது

டெடிங்டன் லாக் வரைதான் இது ஆறு. அதற்குக் கீழே கடலின் ஓதம் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தில் ரிச்மண்ட், சிஸ்விக் பக்கம் கரைப் பாதை சில மணி நேரம் தண்ணீருக்குள் போய்விடும். அட்டவணை இணையத்திலேயே கிடைக்கிறது. பார்க்காமல் போய்விட்டால் மேலே தெருவில் சுற்றிப் போங்கள். நனைந்துகொண்டு வீரம் காட்ட வேண்டாம்.

ஊற்றில் தண்ணீர் தேடுவது

கோடையில் இருக்காது. ஊற்றைக் குறிக்கும் கல்லைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஷெப்பர்டன் படகைக் கடைசி நேரத்துக்கு விடுவது

பாதை ஷெப்பர்டனில் கரை மாறுகிறது. மாற்றிவிட ஒரு சிறு படகு இருக்கிறது. மணியை அடித்துவிட்டு நின்றால் கால் மணிக்கு ஒருமுறை வரும். மாலையில் அது நின்றுவிட்டால் வால்டன் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும். நாள் முழுவதும் நடந்த காலுக்கு அந்தச் சுற்று மிகவும் நீளம். படகு நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொண்டு, அந்த இடம் மதியத்துக்குள் வருவதுபோல் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலை நம்புவது

தண்டவாள வேலை என்று பாதி தூரம் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். சனிக்கிழமை போங்கள்.

கன்றுக்கும் பசுவுக்கும் நடுவே நடப்பது

கூடாது. பாதை அந்த வழியாகவே போனாலும் சுற்றிப் போங்கள். உங்களோடு நாய் வந்திருந்து மாடு துரத்தினால் நாய்க் கயிற்றை விட்டுவிடுங்கள்; அது தப்பித்துக்கொள்ளும், நீங்கள் வேலியைப் பாருங்கள்.