மேடை நடுக்கமா? முதல் ஒரு நிமிடத்தைக் கவனியுங்கள்

பெயரைக் கூப்பிட்டதும் நெஞ்சு படபடக்கும், நாக்கு வறளும், விரல் சில்லிடும். பதற்றத்தில் உடம்பில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் செய்கிற வேலை இது. பல வருடம் பேசிப் பழகியவர்களுக்கும் வரும். அதை அடக்கப் பார்த்தால் கூடத்தான் செய்யும். பேச ஆரம்பித்துச் சற்று நேரத்தில் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலர் சறுக்குவது முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்வதால். ஒரு சொல் நழுவினால் பின்னால் வருவதெல்லாம் சேர்ந்து போய்விடும். முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டும் மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும். நடுப்பகுதிக்கு, அஞ்சலட்டை அளவு கெட்டி அட்டையில் ஐந்தாறு குறிப்புச் சொற்கள், பெரிய எழுத்தில். ஏ4 தாள் வேண்டாம். கை லேசாக நடுங்கினாலே அது ஆடிக் கடைசி வரிசைக்கும் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் மேடைகளில் இன்னொரு வம்பு, விளிப்பு. “தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே” என்று அடுக்கும்போதே பாதி மூச்சு போய்விடும். பெயர்களை நினைவிலிருந்து சொல்லாதீர்கள். ஒருவர் விட்டுப்போனால் அந்த மனத்தாங்கல் உங்கள் பேச்சைவிட நீண்டநாள் நிற்கும். அட்டையின் பின்பக்கம் இனிஷியலோடு எழுதிவைத்துப் பார்த்தே வாசியுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் “மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கும் எதிரே அமர்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்” போதும்.

ஐந்து நிமிடப் பேச்சை வீட்டில் நின்றபடி, வாய்விட்டு, கைபேசியில் நேரம் வைத்து ஐந்து முறையாவது பேசுங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. நாலரை நிமிடத்தில் முடிகிற மாதிரி வெட்டுங்கள்.

கூட்டம் சேருமுன் போய், மைக்செட்காரரிடம் கேட்டு இரண்டு வரி பேசிப் பாருங்கள். கையில் பிடிக்கும் மைக் என்றால் தண்டைப் பிடியுங்கள். வலைத் தலையைப் பொத்தினால் குரல் மங்கும், மைக் கூவவும் செய்யும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலும் அதே கூவல்தான். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. தலை திரும்பினால் மைக்கும் கூடவே திரும்பட்டும். ஸ்டாண்ட் மைக்கை உங்கள் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குனிந்து பேசினால் மூச்சு முழுதாக வராது.

உங்கள் முறைக்கு முன், நாலு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், பத்துத் தடவை. வெளிமூச்சு நீண்டால் இதயத்துடிப்பு இறங்கும். காபி வேண்டாம், சோடா வேண்டவே வேண்டாம். ஏப்பம் மைக்கில் நன்றாகக் கேட்கும்.

நடுவில் மறந்துவிட்டதா? கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே நிதானமாக இன்னொரு முறை சொல்லிவிட்டு அட்டையைப் பாருங்கள். உங்களுக்கு யுகமாகத் தெரியும் மூன்று விநாடி, கேட்பவருக்கு வெறும் இடைவெளி. “மன்னிக்கணும், பதட்டமா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதுவரை கவனிக்காதவரும் உங்கள் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.