பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் ரெட்ரோபை உள்ளே விடவில்லையா?

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், பழைய வீடியோ கேம் ஆட உதவும் ரெட்ரோபை மென்பொருளைப் போட்டு, பாஸ்வேர்டை மாற்றிய பிறகு லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வசதி) வழியாக நுழைய முடியவில்லை என்றால், மெமரி கார்டை அழித்து மறுபடி எழுதுவதற்கு முன், பாஸ்வேர்டில் @ வரும் இடத்தில் இரட்டை மேற்கோள் குறி (") போட்டுப் பாருங்கள்.

காரணம் கீபோர்டு அமைப்பு, அதாவது எந்த விசையில் எந்தக் குறி என்பது. பை பிரிட்டனில் பிறந்தது. அதன் மென்பொருள் கீபோர்டையும் பிரிட்டிஷ் அமைப்பாகவே எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் விற்பவை பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. பையிலேயே கீபோர்டைச் செருகி ஷிப்ட்டோடு 2-ஐ அழுத்தினால் @ அல்ல, " பதிவாகும். பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் எதுவும் தெரியாதே, அதனால் கண்ணில் படாது. # போட்டிருந்தால் இன்னும் வம்பு: அது £ ஆகியிருக்கும். அப்போது டிவியில் எஃப்4 அழுத்தி டெர்மினலுக்கு (கட்டளை தட்டும் திரை) போய், எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள பாஸ்வேர்டாக மாற்றிவிடுவதே சுலபம். அப்படியே அமைப்புகளில் கீபோர்டையும் அமெரிக்க வகைக்கு மாற்றிவிடுங்கள்.

பாஸ்வேர்டை லேப்டாப்பிலிருந்தே வைத்தவர்களுக்கு இது பொருந்தாது. பாஸ்வேர்டு கேட்காமலேயே 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வந்தாலும் சிக்கல் வேறு: 2016 நவம்பரிலிருந்து பையில் எஸ்எஸ்ஹெச் அணைத்தே வருகிறது. ராஸ்பி-கான்ஃபிக் என்ற பையின் அமைப்பு மெனுவுக்குப் போய் அதை இயக்க வேண்டும். பதிலே வராமல் இழுத்துக்கொண்டே இருந்தால் ஐபி முகவரியையும் வைஃபையையும் பாருங்கள்.