சொந்தத்துக்குள் பேசியது எப்போது ஒப்பந்தமாகிறது?

"நமக்குள் எதற்கு எழுத்தும் கையெழுத்தும்" என்று சொல்லிப் பணம் கொடுப்பது ஒரு தவறு. வீட்டில் கொடுத்த வாக்கையெல்லாம் நீதிமன்றம் வசூலித்துத் தரும் என்று நம்புவது இன்னொன்று. எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. ஒருவர் கேட்டார், மற்றவர் சம்மதித்தார், பதிலுக்கு ஏதோ கைமாறியது என்பதோடு ஒப்பந்தம் முடிந்துவிடாது. தவறினால் வழக்கு வரை போகலாம் என்ற எண்ணத்தோடு இருவரும் பேசினார்களா என்பதும் வேண்டும். இது இங்கிலாந்துச் சட்டம் வகுத்த கேள்வி. அதன் வழி வந்த நாடுகளிலும் இதே கேள்விதான் எழும்.

1919-இல் முடிந்த பால்ஃபர் வழக்கைப் பாருங்கள். கணவர் இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் இருந்த பொறியாளர். விடுமுறையில் இருவரும் இங்கிலாந்து போனார்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் அவர் அங்கேயே தங்கினார். கணவர் மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். பிறகு உறவு முறிந்தது, மனைவி வழக்குப் போட்டார், வழக்கு வரை போகும் எண்ணத்தோடு இருவரும் பேசவில்லை என்று மேல்முறையீட்டில் தோற்றார். இந்த மாதிரிப் பேச்சுகளையெல்லாம் வழக்காக எடுத்தால் சிறு நீதிமன்றங்களை நூறு மடங்காக்க வேண்டியிருக்கும் என்றார் நீதிபதி அட்கின்.

இதைப் படித்துவிட்டு, குடும்பத்துக்குள் சொன்ன எதுவும் செல்லாது என்று முடிவு கட்டுபவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். 1970-இல் வந்த மெரிட் வழக்கில் கணவர் ஏற்கெனவே வேறொரு பெண்ணுடன் போய்விட்டார். காரில் உட்கார்ந்து பேசினார்கள். மாதம் 40 பவுண்டு தருகிறேன், வீட்டுக்கடனை நீ அடைத்து முடித்தால் வீட்டை உன் பேருக்கே மாற்றித் தருகிறேன் என்றார் அவர். எழுதித் தராமல் மனைவி காரை விட்டு இறங்கவில்லை. கடன் அடைந்ததும் கணவர் மறுத்தார்; நீதிமன்றம் மனைவி பக்கம் நின்றது. அந்தத் தாள்தான் அவரைக் காப்பாற்றியது என்பார்கள். என் கணக்கில் தாள் பாதிதான். பிரிந்துபோனவர்கள் அன்பை நம்பிப் பேசுவதில்லை, பேரம் பேசுகிறார்கள். பேசிய அன்றைக்கு உறவு எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. பின்னால் வந்த சண்டை கணக்கில் வராது.

ஒரே கூரையின் கீழ் இருப்பதும் தப்பிக்க வழியாகாது. பாட்டி, பேத்தி, அந்த வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த ஒருவர் என மூவரும் சேர்ந்து வாராவாரம் செய்தித்தாள் போட்டிக்கு விடை அனுப்பினார்கள், பாட்டியின் பெயரில். 750 பவுண்டு பரிசு விழுந்ததும், இது வீட்டு விளையாட்டு என்றார் பாட்டி. 1955-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாடகைதாரருக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது.

தெளிவில்லாமல் பேசுவதுதான் இருப்பதிலேயே மலிவாகத் தவிர்க்கக்கூடிய தவறு. ஒரு தாய், வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்தில் சட்டம் படித்தால் மாதம் 200 டாலர் தருவதாக மகளுக்குச் சொன்னார். தாய் இருந்தது டிரினிடாடில், மகள் வாஷிங்டனில். மகள் அமெரிக்க டாலர் என்று எடுத்துக்கொண்டார். தாய் நினைத்தது மேற்கிந்தியத் தீவுகளின் டாலரை! பிறகு பணத்துக்குப் பதில் ஒரு வீட்டில் மகளைத் தங்கவைத்தார். எவ்வளவு காலத்துக்கு என்று பேசவே இல்லை. 1968-இல் நீதிமன்றம் தாய் பக்கம் நின்றது; மகள் அந்த வீட்டை இழந்தார். எந்த நாணயம், எத்தனை மாதம், கடனா அன்பளிப்பா என்று நான்கு வரி எழுதியிருந்தால் போதும். எழுதாத வாய்ப்பேச்சும் ஒப்பந்தமாகலாம்தான், ஆனால் நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வியாபாரத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே கட்டுப்படும் எண்ணம் உண்டு என்றே நீதிமன்றம் தொடங்கும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். வேலையிழந்த விமானிக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்ன விமான நிறுவனம், 'கருணைத்தொகை என்றுதானே சொன்னோம்' என்று பின்வாங்கியது. 1964-இல் அந்த வாதம் எடுபடவில்லை. அதற்காக வியாபாரிகள் எங்கே பேசினாலும் ஒப்பந்தம் என்றும் இல்லை. பங்கு விலை 8 பவுண்டைத் தொட்டால் ஒன்றரைக் கோடி பவுண்டு தருகிறேன் என்று ஒரு தொழிலதிபர் மதுக்கூடத்தில் சொன்னதை, விளையாட்டுப் பேச்சு என்று 2017-இல் லண்டன் நீதிமன்றம் ஒதுக்கியது. மனதுக்குள் என்ன நினைத்தோம் என்பது செல்லாது. பார்த்துக்கொண்டிருந்த நியாயமான ஒருவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்பதே அளவு.

பேச்சுவார்த்தை நடக்கும்போதே சிக்கிக்கொள்ளக் கூடாது என்றால், கையெழுத்தாகும் வரை இது யாரையும் கட்டுப்படுத்தாது என்று கடிதத்திலேயே எழுதிவிடலாம். ஆனால் அந்த வரி எல்லாவற்றையும் மூடிவிடாது. கார்பன் தாள் வியாபாரிகள் 1913-இல், இது கௌரவ உடன்பாடு மட்டுமே, நீதிமன்றத்துக்குப் போகாது என்று எழுதிக்கொண்டார்கள். அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மதித்தது. ஆனால் அதன் கீழ் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒவ்வொரு ஆர்டரும் தனித்தனி ஒப்பந்தம், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.