மழை பிந்தினால் குச்சிக்கிழங்கு நடுவது எப்படி: நாற்று விட்டு நடும் முறை

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் மரவள்ளியைக் குச்சி என்றுதான் சொல்வோம். எங்களுக்கு இருப்பது 3 ஏக்கர். பாதி கிணற்றுப் பாய்ச்சல், பாதி மேட்டாங்காடு, அதாவது மழையை நம்பிய நிலம். மாமனார் காலத்தில் சித்திரையில் உழவு மழை கிடைத்துவிடும். வைகாசியில் கரணையை, அதாவது வெட்டிய தண்டுத் துண்டை, ஊன்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். இப்போது ஒரு மழை கொட்டித் தீர்க்கிறது. அதை நம்பி ஊன்றினால் அடுத்த 20 நாள் சொட்டு இல்லை. விட்ட குருத்து கருகி, காடு முழுக்கச் செடி இல்லாத சந்து விழுகிறது. அதனால் 5 வருடமாக மேட்டாங்காட்டில் நான் கரணையை நேராக ஊன்றுவதில்லை. வீட்டோரம் நாற்று விட்டு, மழை பார்த்து நடுகிறேன்.

வேலை விதைக் குச்சியிலிருந்து, அதாவது கரணை வெட்டும் தண்டிலிருந்து, தொடங்குகிறது. தேமல் என்ற வைரஸ் நோய் விழுந்த செடியை அறுவடை நேரத்தில் அடையாளம் காண முடியாது, இலை பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். ஐந்தாறு மாதத்தில் செடி பச்சையாக நிற்கும்போதே காட்டுக்குள் சால் சாலாக நடந்து, இலை சுருளாமல் மஞ்சள் திட்டு இல்லாமல் நிற்கிற செடிகளில் துணிக் கிழிசல் கட்டிவிடுங்கள். அவைதான் அடுத்த வருடத்து விதை. ஒரு வருடம் அவசரத்துக்கு ஒரு தரகரிடம் கட்டுக் கட்டாகக் குச்சி வாங்கி நட்டேன். மூன்றாம் மாதம் காட்டில் பாதி தேமல். அந்தக் கிழங்கு விரல் தடிமனைத் தாண்டவில்லை. போட்ட உரம், களைக்கூலி எதுவும் திரும்பவில்லை.

வெட்டிய குச்சியைப் படுக்கப் போடாதீர்கள். புளியமரத்தடி, புங்கன் நிழல் எதுவானாலும் சரி, அடி மண்ணைத் தொட நிமிர்த்திச் சார்த்தி வையுங்கள். நடும் நாளில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: கத்தி முனையால் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்து, ஒன்று இரண்டு என்று ஐந்து எண்ணுவதற்குள் பால் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் நல்ல குச்சி. தண்ணீர் போலக் கசிந்தாலோ, உள்ளே பழுப்பாக இருந்தாலோ தூக்கிப் போடுங்கள். நுனி இளசையும் அடி முற்றலையும் தள்ளிவிட்டு நடுப்பாகத்தை 15 செ.மீ. துண்டாக, 8 முதல் 10 கணு வரும்படி, நுனி சிதறாமல் நேராக வெட்டுங்கள். அரிவாள் மொண்ணையாக இருந்தால் பட்டை உரியும், அங்கேதான் அழுகல் பிடிக்கும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்கள் இரண்டையும் லிட்டருக்கு 30 கிராம் வீதம் கரைத்து 20 நிமிடம் ஊறவைத்தால் போதும்.

இனி நாற்றங்கால். 3 அடிக்கு 3 அடி நட்டால் ஏக்கருக்கு 4,840 கரணை பிடிக்கும். ஒரு கரணைக்கும் மறு கரணைக்கும் 4 செ.மீ. இடைவெளி, அதாவது இரண்டு விரல் அகலம். அந்தக் கணக்கில் பத்தடிக்குப் பத்தடிப் பாத்தி ஓர் ஏக்கருக்கும் சந்து நடவுக்கும் சேர்த்துப் போதும். அரை நிழல் இடமாகப் பார்த்து, மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, கணுவில் உள்ள மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி நட்டுவையுங்கள். ஒரு ஏக்கர் காட்டை நனைக்க முடியாத பஞ்சத்திலும் இந்தப் பாத்திக்குப் பூவாளியால் சில குடம் தண்ணீர் ஊற்ற முடியும். இந்த முறையின் பலமே அதுதான்.

இலை விரிந்த பிறகு தினமும் காலையில் ஒரு சுற்றுப் பாருங்கள். தேமல் தெரிந்த நாற்றை அப்போதே பிடுங்கி எரித்துவிடுங்கள். காட்டில் ஏக்கர் முழுக்கத் தேடி அலைவதை இங்கே குத்த வைத்து உட்கார்ந்து செய்துவிடலாம். 20 முதல் 25 நாளுக்குள் நடவுக்குத் தயார். அதற்கு மேல் விட்டால் வேர் ஒன்றோடொன்று பின்னி, பிடுங்கும்போது அறுந்துவிடும். மழை அதற்குள்ளும் வராவிட்டால்? அதற்காகவே மொத்தத்தையும் ஒரே நாளில் நடாமல், 15 நாள் விட்டு இரண்டு பாத்தியாகப் போடுகிறேன். ஒன்று தவறினாலும் ஒன்று கைகொடுக்கிறது.

காட்டைச் சரிவுக்குக் குறுக்கே உழுது, ஆட்டுப்பட்டி அடைத்து வைத்திருந்தால் பெய்த மழை ஓடாது. நட்டவுடன் இடையில் உளுந்து விதையுங்கள். முதல் இரண்டரை மாதம் மண்ணை மூடிச் சூடு இறங்காமல் காக்கும். இறவையில் சின்ன வெங்காயம் போடலாம். கத்தரி மட்டும் வேண்டாம், வெள்ளை ஈயைக் கூட்டிவரும், தேமலைப் பரப்புவது அதுதான். கிணற்றுப் பாய்ச்சல் உள்ளவர்கள் வாய்க்காலை விட்டுச் சொட்டு நீருக்கு மாறுங்கள். சிறு குறு விவசாயிகளுக்கு முழு மானியம் கிடைக்கிறது.

கள்ளிப்பூச்சி, அதாவது மாவுப்பூச்சி, பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். மரவள்ளிக்கே உரிய மாவுப்பூச்சி 2020-இல்தான் நம் நாட்டில் முதலில் தெரிந்தது. வெயில் நீள நீளப் பெருகும், நல்ல மழையில் குறையும். நுனி இலைகள் கொத்தாகச் சுருண்டு, கணு நெருங்கிவிடும். முதலில் வந்தபோது பயந்து நான்கு முறை மருந்து அடித்தேன். அடித்த சில நாளில் மறுபடி வெள்ளையாகப் பூத்தது. நன்மை செய்கிற பூச்சிகளையும் சேர்த்துக் கொன்றிருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய அனகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். எள்ளளவே இருக்கும் குளவி பூச்சிக்குள் முட்டையிடும். உங்கள் காட்டில் சுருண்ட நுனியைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே பழுப்பாக, உப்பி, தொட்டால் கெட்டியாக ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் காட்டில் மருந்து அடிக்கவே அடிக்காதீர்கள். பழுப்பு எதுவும் தெரியாவிட்டால் நுனியைக் கிள்ளிப் பையில் போட்டு எரித்துவிட்டு, ஏத்தாப்பூருக்குப் போய்க் கேளுங்கள்.

கடைசியாக, வெட்டும் நேரம். மில்லில் நமக்கு விலை பாயிண்ட் கணக்கு, அதாவது கிழங்கில் இருக்கும் மாவின் அளவு. காய்ந்து நின்ற செடி திடீர் மழையில் துளிர்த்தால், கிழங்கின் மாவை எடுத்துத்தான் இலை விடும், பாயிண்ட் இறங்கிவிடும். 9 மாதம் தாண்டிய காடாக இருந்தால் கோடை மழைக்கு முன்னால் வெட்டிவிடுங்கள். துணி கட்டிய செடிகளை முதலில் தனியாக வெட்டி நிழலில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு ஆட்களைக் காட்டுக்குள் விடுங்கள்.